பின்புறம் நெளியும் டூரிங் வண்டிக்கு ஸ்டியரிங் டாம்பர் தீர்வாகுமா?

வாசகர் கேள்வி: நான் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் குடும்பத்துடன் வசிக்கிறேன். மான்செஸ்டரில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி. தினமும் எம்62 நெடுஞ்சாலையில் போய்வருவதற்காக, காவல்துறைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரிய டூரிங் மோட்டார்சைக்கிள் ஒன்றை ஏலத்தில் வாங்கினேன். முதலில் நன்றாகவே ஓடியது. பின்னிருக்கையையும் அதற்குப் பின்னால் பெரிய டாப் பாக்ஸையும் (சாமான் பெட்டி) பொருத்திய பிறகு, மணிக்கு 65 மைலைத் தாண்டி லாரிகளைக் கடக்கும்போது வண்டியின் பின்பக்கம் இடமும் வலமுமாக மெல்ல நெளிகிறது. ஒரு நாள் மனைவி பின்னால் இருந்தபோது அது நான்கைந்து முறை தொடர்ந்து நெளிந்துவிட்டுத்தான் அடங்கியது. அன்றிலிருந்து அவர் வண்டியில் ஏற மறுக்கிறார். மெக்கானிக் ஸ்டியரிங் டாம்பர், அதாவது ஹேண்டில் வேகமாகத் திரும்புவதைத் தணிக்கும் கருவி, பொருத்தச் சொல்கிறார். நண்பரோ, பிரிட்டிஷ் காவல்துறை ஒரு காலத்தில் ஹோண்டா பான் யூரோப்பியன் வண்டிகளையே இந்தக் கோளாறுக்காக ஒதுக்கிவிட்டது என்று சொல்லி வண்டியை விற்கச் சொல்கிறார். காவல்துறை வண்டி என்பதுதான் குறையா? டாம்பர் பொருத்தலாமா? ஓடும்போது நெளிவு தொடங்கினால் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, ஆடுவது வண்டியின் பின்பக்கம் என்றும் அது மெல்ல ஆடுகிறது என்றும் நீங்கள் கவனித்து எழுதியிருப்பதுதான். இந்த இரண்டு செய்திகளும் இல்லாமல் "வண்டி ஆடுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் என்னால் பொறுப்புடன் பதில் சொல்லியிருக்க முடியாது. உங்கள் வண்டியின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. நீங்கள் சொல்லும் குணம் எந்த ஒரு நிறுவனத்தின் வண்டிக்கும் மட்டும் உரியதல்ல. கனமான உடல், அகன்ற முன்மூடி, பின்னால் தொங்கும் சுமை ஆகிய மூன்றும் சேர்ந்த எந்த வண்டியிலும் அது தலைகாட்டக்கூடும்.

மோட்டார்சைக்கிளின் ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று தலையாட்டம், ஆங்கிலத்தில் வாபிள் என்பார்கள். இதில் முன்சக்கரமும் ஹேண்டில்பாரும் மட்டும் வினாடிக்கு ஏழு முதல் பத்து முறை படபடவென்று உதறும். பெரும்பாலும் நடுத்தர வேகத்தில், அதுவும் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் இறங்கும்போதும், ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுக்கும்போதும் இது தொடங்கும். மற்றொன்று உடல்நெளிவு, ஆங்கிலத்தில் வீவ். இதில் வண்டி முழுவதுமே சாய்ந்து நிமிர்ந்தபடி, பின்பக்கத்தை வீசிக்கொண்டு, வினாடிக்கு இரண்டு முதல் நான்கு முறை பாம்புபோல நெளியும். வேகம் கூடக்கூட இது அடங்க எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடும். மணிக்கு 70 மைல் வேகத்தில் வண்டி வினாடிக்கு 31 மீட்டர் ஓடுகிறது; வினாடிக்கு மூன்று நெளிவு என்று கொண்டால், ஒவ்வொரு நெளிவுக்குள்ளும் நீங்கள் பத்து மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறீர்கள். உங்கள் மனைவி பின்னால் இருந்த அன்று நடந்த நான்கைந்து நெளிவுகளில், லாரியின் பக்கத்தில் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் தூரம் வண்டி உங்கள் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. அவர் ஏற மறுப்பது வெறும் பயம் அல்ல, சரியான முடிவு. நான் கீழே சொல்லும் வேலைகள் முடியும் வரை அவரை ஏற்றாதீர்கள். நீங்களும் 55 மைலைத் தாண்டாதீர்கள்.

டாம்பர் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தவறான செலவோடு ஆபத்தும் சேர்ந்து வரும் இடம் அதுதான். 1971ஆம் ஆண்டில் ராபின் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் பொறியியலாளர், மோட்டார்சைக்கிளின் நிலைத்தன்மையைக் கணித முறையில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தத் துறையில் பின்னர் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதன்மேல் எழுந்தவை. தலையாட்டமும் உடல்நெளிவும் தனித்தனி இயக்கங்கள் என்பதை அது தெளிவாகப் பிரித்துக் காட்டியது. அதில் உங்களுக்கு இன்று தேவையான முடிவு ஒன்று இருக்கிறது: ஸ்டியரிங்கில் பொருத்தும் டாம்பர் தலையாட்டத்தை அடக்கும்; ஆனால் உயர் வேகத்தில் உடல்நெளிவை அது மோசமாக்கக்கூடும். நெளியும் வண்டி தன் நெளிவிலிருந்து மீள்வதற்கு, முன்சக்கரம் தடையின்றித் திரும்பித் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ள வேண்டும். டாம்பர் அந்தத் திரும்பலைத் தாமதப்படுத்துகிறது. உங்கள் மெக்கானிக் நல்லெண்ணத்துடன்தான் சொல்லியிருப்பார். ஹேண்டில் உதறும் வண்டிக்கு அவர் சொன்னது பொருந்தும். உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. தயவுசெய்து பொருத்த வேண்டாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை உண்டு. 2002ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஹோண்டா எஸ்டி1300 பான் யூரோப்பியன், 1,261 சிசி நான்கு சிலிண்டர் இயந்திரமும் 29 லிட்டர் எரிபொருள் கொள்ளளவும் கொண்ட, எரிபொருளுடன் முந்நூறு கிலோவைத் தாண்டும் வண்டி. பல பிரிட்டிஷ் காவல் படைகள் அதைப் பயன்படுத்தின. 2005ஆம் ஆண்டில் மெர்சிசைட் காவல்துறையைச் சேர்ந்த காவலர் ஒருவர் அந்த வண்டியில் செல்லும்போது உயிரிழந்தார். உயர் வேகத்தில் ஏற்படும் நெளிவு பற்றிய கேள்விகள் அந்த மரணத்தைச் சுற்றி எழுந்தன; 2007இல் பிரிட்டிஷ் காவல் படைகள் அந்த மாடலைப் பணியிலிருந்து விலக்கிக்கொண்டன. ஒரு குடும்பம் தன் மனிதரை இழந்த பிறகே அந்த முடிவு வந்தது என்பதை நினைக்கும்போது, உங்களைப் போன்றவர்களின் கடிதங்களை நான் மேலோட்டமாகப் படிப்பதில்லை. அதே நேரத்தில், அதே வண்டியைத் தனியார் பலர் பல்லாயிரம் மைல் சிக்கலின்றி ஓட்டியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே வண்டியில் எப்படி நடக்கின்றன என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டியது.

காவல்துறை ஒரு டூரிங் வண்டியை அப்படியே ஓட்டுவதில்லை. பின்னிருக்கை இருந்த இடத்தில் வானொலிப் பெட்டி அமர்கிறது. பின்னால் கம்பத்தின்மேல் நீல விளக்கு எழுகிறது. இரு பக்கப் பெட்டிகளும் நிரம்புகின்றன. கூடுதல் மின்கம்பிகளும் சைரனும் சேர்கின்றன. இத்தனையும் ஏற்றிக்கொண்டு, மற்றவர்களுக்குச் சட்டம் அனுமதிக்காத வேகத்தில், நாளுக்குப் பல மணி நேரம், எந்தக் காற்றிலும் மழையிலும் அது ஓட வேண்டும். சாதாரண உரிமையாளர் ஒருபோதும் தொடாத எல்லையில் அந்த வண்டி தினமும் வேலை செய்கிறது. அமெரிக்காவிலும் ஹார்லி டேவிட்சன் காவல் வண்டிகளைப் பற்றி இத்தகைய முறையீடுகள் எழுந்ததுண்டு. அவற்றில் இயந்திரம் ரப்பர் தாங்கிகளில் அமர்ந்திருக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மும் அந்த இயந்திரத் தொகுதியுடனேயே இணைந்திருக்கும் என்பதால், ரப்பர் தேய்ந்தால் பின்சக்கரம் சட்டகத்தோடு நேர்க்கோட்டில் நிற்காது. 2009ஆம் ஆண்டு மாடலில் அந்த நிறுவனம் தன் டூரிங் சட்டகத்தைப் புதிதாகவே வடிவமைத்தது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது: காவல்துறை வண்டி என்பது தன்னளவில் குறை அல்ல. ஆனால் அது எந்தச் சுமைக்காக அமைக்கப்பட்டதோ அந்தச் சுமை இப்போது அதில் இல்லை. நீங்கள் ஏற்றியிருக்கும் சுமைக்காக அது இன்னும் அமைக்கப்படவில்லை.

டாப் பாக்ஸ் வந்த பிறகுதான் நெளிவு தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகமும் முதலில் அங்கேயே போகிறது. ஒரு பொருள் வண்டியின் எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து அது வண்டியின் பக்கவாட்டுச் சுழற்சியைப் பாதிக்கிறது. பத்து கிலோவை மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி வைப்பதற்கும் ஒரு மீட்டர் தள்ளி வைப்பதற்கும் நடுவே இருக்கும் வேறுபாடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. டாப் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில், காற்று அடிக்கும் இடத்தில் இருக்கிறது. அதில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் பின்சக்கரத்தை நெம்புகோல்போல அழுத்தி முன்சக்கரத்தைச் சாலையிலிருந்து சற்றே தூக்குகிறது. முன்கண்ணாடியை மேலே உயர்த்தி ஓட்டும் பழக்கம் இருந்தால் காற்றும் அதே வேலையைச் செய்கிறது. முன்பக்கம் இலேசாகி, பின்பக்கம் கனமாகி, லாரியின் ஓரத்தில் கிழிந்து வரும் காற்று பெட்டியின் பக்கவாட்டில் அறைந்தால், அந்த வண்டி நெளியாமல் இருந்தால்தான் வியப்பு. அதுவும் நீங்கள் தினமும் கடக்கும் எம்62, விண்டி ஹில் அருகே 372 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளிலேயே உயரமான இடம் அது, பெயரிலேயே காற்று இருக்கிறது.

பெட்டியைத் திறந்து மூடியின் உட்புறம் அல்லது அடிப்பகுதியைப் பாருங்கள். எத்தனை கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது, எந்த வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர் ஒரு சிறு தாளில் அச்சிட்டு ஒட்டியிருப்பார். பலரும் வாங்கிய அன்றே அதைக் கிழித்துவிடுகிறார்கள். கனமான பொருள்களை, அதாவது பூட்டு, சங்கிலி, கருவிகள், தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை, பக்கப் பெட்டிகளின் அடியில் முன்பக்கமாக வையுங்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே எடையாக இருக்கட்டும். டாப் பாக்ஸில் மழைக்கோட்டும் கையுறையும் போதும். முடிந்தால் சில வாரங்களுக்கு அந்தப் பெட்டியைக் கழற்றியே வையுங்கள்.

ஆனால் பெட்டி மட்டுமே காரணம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நல்ல நிலையில் இருக்கும் வண்டி, அளவான பெட்டியைத் தாங்கும். பெட்டி வந்ததும் நெளிகிறது என்றால், பெட்டி வருவதற்கு முன்பே ஏதோ ஒன்று தேய்ந்து, வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு உங்களுடையதைப் போன்ற ஓய்வுபெற்ற காவல் வண்டி ஒன்று என் பணிமனைக்கு வந்தது. வெள்ளை வண்ணம் பளபளவென்று இருந்தது; ஒட்டுப்பட்டைகளை உரித்த தடம்கூடத் தெரியவில்லை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரின் நுனியை ஒரு விரலால் மட்டும் மெல்லத் தள்ளினேன். இடது கோடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்த ஹேண்டில், சரியாக நடுவில் வந்ததும், கதவின் தாழ்ப்பாள் குழியில் விழுவதுபோல ஒரு சிறு அசைவுடன் நின்றுகொண்டது. பல ஆண்டுகள் நேர்ச்சாலையில் ஓடி, நம்மூர் மெக்கானிக்குகள் கோன்செட் என்று சொல்லும் ஸ்டியரிங் தலை பேரிங்கில் உருளைகள் தங்கள் குழியைத் தாங்களே தோண்டிக்கொண்டிருந்தன. அந்த வண்டியால் நேராக ஓட முடியாது. நேர்க்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்து எழுந்துகொண்டுதான் ஓட முடியும்.

இந்தப் பேரிங்கில் இன்னொரு தவறும் நடக்கிறது, அது உங்கள் வண்டியில் நடந்திருக்கக்கூடும். வண்டி ஆடுகிறது என்று சொன்னதும், பேரிங் தளர்ந்துவிட்டது என்று எண்ணி அதன் நட்டை மேலும் இறுக்கிவிடுவார்கள். தளர்ந்த பேரிங் தலையாட்டத்தைத் தரும் என்பது சரிதான். ஆனால் அளவுக்கு மீறி இறுகிய பேரிங் முன்சக்கரம் தானாகத் திரும்புவதைத் தடுத்து, மெதுவான நெளிவைத் தரும். வண்டியை வாங்கிய பிறகு யாராவது அந்த நட்டைத் தொட்டார்களா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். தொட்டிருந்தால், பணிமனைக் கையேடு சொல்லும் அளவுக்கு அதை மீண்டும் அமைக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஒரு விரல் சோதனையை நீங்கள் நேரில் நின்று செய்து பாருங்கள். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, வண்டியை உறுதியாகத் தாங்கிப் பிடிக்க ஒரு துணை மட்டும் வேண்டும்.

அடுத்தது டயர். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியின் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அளவுமானியைக் குழியில் விட்டுப் பார்த்தால் சட்டம் கேட்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே இருக்கும். எம்ஓடி என்ற வருடாந்தர வாகனத் தகுதிப் பரிசோதனையிலும் தேறிவிடும். ஆனால் டயரின் பின்னால் குனிந்து, கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்: வளைவாக இருக்க வேண்டிய இடம் மேசைப்பலகைபோல இருந்தால், அதன் இரண்டு விளிம்புகளிலும் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு சிறு தள்ளல் கிடைக்கிறது. பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஏலத்தில் வந்த வண்டிகள் கிடங்கில் நெடுநாள் நின்றிருக்கும் என்பதால் இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே தயாரிப்பாளரின், வண்டிக்குப் பரிந்துரைத்த இணையாக இருப்பதே நல்லது. காற்றழுத்தத்தை, ஓடிச் சூடேறும் முன், வீட்டு வாசலிலேயே பாருங்கள். பெரிய டூரிங் வண்டிகள் பலவற்றில் பின் டயர் 42 பிஎஸ்ஐ வரை கேட்கும். அது 34க்கு இறங்கியிருந்தாலும் கையால் அழுத்திப் பார்த்தால் தெரியாது, ஆனால் 65 மைலில் தெரியும்.

பின்பக்க ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு அளவு எடுக்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தொங்கும் நிலையில், அச்சிலிருந்து நேர் மேலே உடலில் ஒட்டிய ஒரு சிறு நாடா வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நீங்கள் உடைகளோடும் சாமான்களோடும் ஏறி அமர்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, சக்கரத்தின் மொத்த மேல்கீழ் இயக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். 120 மில்லிமீட்டர் இயக்கம் உள்ள வண்டியில் 40 மில்லிமீட்டர் சரி. 60 வந்தால் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, முன்பக்கம் தூக்கிக்கொண்டது என்று பொருள். பல வண்டிகளில் இருக்கைக்குக் கீழே ஒரு திருகுப்பிடி இருக்கும். அதைத் திருகி இறுக்கினால் பின்பக்கம் எழும். முழுவதும் இறுக்கியும் எழவில்லை என்றாலோ, பின்பக்கத்தை அழுத்திவிட்டால் ஒருமுறைக்கு மேல் துள்ளுகிறது என்றாலோ, ஷாக் அப்சார்பரின் எண்ணெய் செத்துவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும். டாம்பருக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவிடுங்கள்.

ஸ்விங்ஆர்ம் பேரிங், சக்கர பேரிங், இயந்திரத் தாங்கிகள் ஆகியவற்றை அசைத்துப் பார்ப்பது மெக்கானிக்கின் கைக்கு ஐந்து நிமிட வேலை. அதோடு, பணியில் இருந்தபோது வண்டி விழுந்திருக்கக்கூடும் என்பதால், நூல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின் டயரின் இரு விளிம்புகளையும் தொட்டபடி இரண்டு நூல்களை முன்சக்கரம் வரை இழுத்துக் கட்டினால், நேராக நிறுத்திய முன் டயரின் இரு பக்கமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லாவிட்டால் சட்டகத்தையோ முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையோ சந்தேகிக்க வேண்டும். சட்டகம் வளைந்திருந்தால் அதற்குமேல் எதையும் செலவழிக்காமல், உண்மையைச் சொல்லி உதிரிபாகங்களுக்காக விற்றுவிடுங்கள்.

இனி, ஓடும்போது நெளிவு தொடங்கினால் என்ன செய்வது என்ற கேள்வி. பிரேக்கைத் தொடாதீர்கள், குறிப்பாக முன் பிரேக்கை. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடாதீர்கள். மெல்ல, மூச்சை விடுவதுபோல, குறைத்துக்கொண்டே வாருங்கள். ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பி நெளிவை அடக்க முயலாதீர்கள், ஏனென்றால் வினாடிக்கு மூன்று முறை மாறும் ஒன்றை நம் கை எப்போதும் சற்றுத் தாமதமாகவே திருப்பும். அந்தத் தாமதம் நெளிவுக்கு ஊட்டம் தரும். கைப்பிடியை விட்டுவிடாமல் பிடித்திருங்கள், ஆனால் முழங்கையும் தோளும் இறுகாமல் இருக்கட்டும். முழங்கால்களால் டாங்க்கைக் கவ்வி, மார்பை டாங்க்கை நோக்கிச் சாய்த்து உடல் எடையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். வேகம் குறைந்ததும் நெளிவு அடங்கும். பயத்தில் கை இறுகுவது இயல்பு என்பதால், வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் அமர்ந்து இந்த உடல்நிலையை இரண்டு மூன்று முறை பழகிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு, எம்62இல் அல்ல, காற்றில்லாத ஒரு ஞாயிறு காலையில் வாகனங்கள் குறைந்த இருவழிப் பிரிவுச் சாலையில், பெட்டி இல்லாமல், தனியாக ஓட்டிப் பாருங்கள். 50, 55, 60 என்று படிப்படியாக, சட்ட வரம்புக்குள். எந்தப் படியிலாவது நெளிவின் சாயல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஹேண்டிலை வேண்டுமென்றே அசைத்துச் சோதிக்க வேண்டாம். பெட்டியைத் திரும்ப மாட்டுவது அதற்குப் பிந்தைய வாரத்து வேலை. மனைவியை ஏற்றுவது அதற்கும் பிறகு. பின்னிருக்கையும் பெட்டியும் சேர்த்ததைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்கிறீர்களா என்பதையும் இடையில் பார்த்துவிடுங்கள்.

வேலைகள் முடிந்ததும் எனக்கு நான்கு செய்திகளை எழுதுங்கள்: இரண்டு டயர்களிலும் உள்ள நான்கு இலக்க எண், காற்றை நிரப்பும் முன் இருந்த அழுத்தம், ஸ்பிரிங்குக்கு எடுத்த இரண்டு அளவுகள், நடுவில் வரும்போது ஹேண்டில் உங்கள் விரலுக்கு எப்படித் தெரிந்தது என்பது. பின்னிருக்கையைப் பற்றி உங்கள் மனைவிக்கு என்ன பதில் சொல்லலாம் என்பதை அவற்றைப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.